எடை ஏறினால் அலை ஏறும்

படகில் வேண்டுமென்றே தண்ணீர் மூட்டைகளை ஏற்றி அலையைப் பெரிதாக்குகிறது ஒரு விளையாட்டு. ஏரிகளை மட்டுமே நம்பியிருக்கும் பெங்களூருக்கு அதில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன.

படகு கட்டுகிறவர்கள் காலம்காலமாக எடையோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும், எரிபொருள் மிச்சமாகும், இன்ஜினுக்கும் ஆயுள் கூடும். மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீர் விளையாட்டு உலகில் ஒரு கூட்டம் மட்டும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. இலேசான, வேகமான படகை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிறகு அதில் 300, 400 கிலோ தண்ணீரைப் பைகளில் நிரப்பி ஏற்றுகிறார்கள். படகு தாழ்கிறது, திணறுகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. அவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேகம் அல்ல. படகின் பின்னால் எழும் அலை.

அந்த அலைதான் வேக்போர்டு வீரரின் ஏணி. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நின்று, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி வருகிறார் அவர். ஓரத்திலிருந்து வேகமாக உள்ளே வெட்டி வந்து, அலையின் சரிவில் ஏறி, காற்றில் எழும்பி, முடிந்தால் ஒரு கரணமும் அடித்து, மறுபக்கத்து அலைக்கு அப்பால் போய் இறங்குகிறார். அலை சப்பையாக இருந்தால் துள்ளலும் சப்பைதான்.

பெங்களூரில் இந்த விளையாட்டு இன்னும் பரவலாகத் தெரியாது. கடலும் பெரிய ஆறும் இல்லாத, கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம் அது. மனிதர்கள் கரை கட்டித் தேக்கிய ஏரிகள்தான் அதன் நீர்ப்பரப்பு. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றான அல்சூர் ஏரியின் கரையில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையகம் இருக்கிறது. ராணுவத்தில் 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படுபவர்களின் இடம். ஏரிக்கு அருகிலேயே, 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் நிற்கிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்தவர் அவர். படகுக்கும் அது பொருந்தும். எவ்வளவு ஏற்றலாம், எங்கே ஏற்றலாம், எப்போது இறக்க வேண்டும்: இந்த மூன்று கேள்விகளில்தான் இந்த விளையாட்டின் சூட்சுமம், ஆபத்து இரண்டுமே அடங்கியிருக்கின்றன.

ஒரே படகு, இரண்டு ஆசைகள்

கதை 1922இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர், பனியில் சறுக்க முடிந்தால் தண்ணீரில் ஏன் முடியாது என்று யோசித்தார். எட்டு அடி நீளமுள்ள இரண்டு பைன் பலகைகளை எடுத்து, முனைகளை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, கால் நுழைக்கத் தோல் வார் அடித்துக்கொண்டார். அண்ணன் படகை ஓட்ட, பல முறை தண்ணீரில் விழுந்து எழுந்தபின் அந்த ஆண்டு ஜூலை 2 அன்று அவரால் நின்று சறுக்க முடிந்தது. நீர்ச்சறுக்கு பிறந்தது.

அதற்கென்றே பிறகு உருவான ஸ்கீ படகுகளுக்கு ஒரே இலட்சியம்தான்: பின்னால் அலையே இருக்கக் கூடாது. நீர்ச்சறுக்கு வீரர் மணிக்கு 55, 58 கி.மீ. வேகத்தில் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மிதவைகளைச் சுற்றிப் பாய்கிறவர். வழியில் அலை மேடாக இருந்தால் முழங்கால் அதிரும், பிடி நழுவும். எனவே படகின் அடிப்பாகத்தைத் தட்டையாக்கினார்கள், எடையைக் குறைத்தார்கள், இன்ஜினை நடுவில் வைத்தார்கள். படகு நீரைக் கிழிக்காமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் மெல்லிய ஒரு சுருக்கம் மட்டும் மிஞ்சும்.

1985இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டோனி ஃபின் என்ற அலைச்சறுக்கு வீரர் 'ஸ்கர்ஃபர்' என்ற பலகையைக் கொண்டுவந்தார். கடல் அலையில் சறுக்கும் பலகையைச் சிறிதாக்கி, படகின் பின்னால் இழுக்கும்படி செய்தது அது. 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் அச்சில் வார்த்த 'ஹைப்பர்லைட்' பலகையை வெளியிட்டார். மிதப்புத்தன்மை குறைந்த அந்தப் பலகை நீருக்குள் எளிதாக அமிழ்ந்தது, கற்றுக்கொள்வதும் சுலபமானது. ஸ்கர்ஃபிங் வேக்போர்டிங் ஆயிற்று.

ஆனால் படகு பழையதுதான். அலையே எழுப்பாமல் இருக்கக் கட்டப்பட்ட படகின் பின்னால் நின்றுகொண்டு அலை கேட்கிறார்கள் புதியவர்கள். காலையில் அப்பா நீர்ச்சறுக்கு பழகுவார். மாலையில் மகனுக்கு வேக்போர்டு வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரு படகு. தீர்வு ஒன்றுதான்: மாலையில் எடை ஏற்ற வேண்டும், காலைக்குள் இறக்கிவிட வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய அடிப்பாரம் என்ற யோசனை இந்த இழுபறியில் பிறந்தது.

ஆர்க்கிமிடீஸ் கணக்கு

எடை ஏன் அலையாகிறது? விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எனவே படகில் 350 கிலோ ஏற்றினால் அது மேலும் 350 லிட்டர் நீரை விலக்கியாக வேண்டும். நீர்மட்டத்தில் 7 சதுர மீட்டர் பரப்புள்ள படகு என்று வைத்துக்கொண்டால், அது நின்ற இடத்தில் சரியாக 5 செ.மீ. தாழும்.

5 செ.மீ. பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் படகு ஓடுகிறது. வேக்போர்டுக்கு வழக்கமான வேகம் மணிக்கு 35 கி.மீ.யை ஒட்டியது; அதாவது நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர். படகு முன்னேறும்போது அதன் பின்னால் நீரில் ஒரு பள்ளம் விழுகிறது. இரு புறத்து நீரும் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடிவந்து மோதி மேலெழுகிறது. அந்த எழுச்சிதான் வீரர் ஏறும் சரிவு. படகு எவ்வளவு ஆழமாக அமர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஆழமான பள்ளம், அதற்கேற்ற மேடு. வேகம் கூடக்கூட படகு நீரின் மேலே எழும்பிவிடுவதால் அலை சிறுக்கிறது. அதனால்தான் நீர்ச்சறுக்கின் வேகத்தில் தட்டையாக ஓடும் அதே படகு, வேகம் குறைந்து எடையும் கூடினால் மேடு பள்ளமாக நீரை உழுதுவிடுகிறது.

மூட்டையிலிருந்து பைக்கு

தொடக்கத்தில் கிடைத்ததையெல்லாம் ஏற்றினார்கள். நண்பர்களை அழைத்து உட்காரவைத்தார்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாய், மணல் மூட்டை, ஈயக்கட்டி என்று எல்லாம் படகுக்குள் போயின. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. நண்பர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பீப்பாய் உருளும். மணல் மூட்டை நனைந்து கிழிந்தால் உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். ஈயம் இடம் அடைக்காது. ஆனால் தூக்கி ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு ஒடியும்.

கடைசியில் கெட்டியான பிளாஸ்டிக் துணியில் செய்த பைகள் வந்தன. காலியாக இருக்கும்போது சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். படகை நீரில் இறக்கிய பிறகு, பேட்டரியில் ஓடும் சிறு பம்பைக் கொண்டு ஏரி நீரையே அதில் நிரப்பலாம். 340 கிலோ கொள்ளும் பை ஒன்றை, மணிக்கு 3,000 லிட்டர் இறைக்கும் பம்பு ஏழே நிமிடத்தில் நிரப்பிவிடும். விளையாட்டு முடிந்ததும் அதே பம்பால் நீரைத் திரும்ப ஏரியிலேயே கொட்டிவிடலாம். பாரத்தைச் சுமந்து வரவேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கம்பெனிகள் வேக்போர்டுக்கென்றே படகு கட்டத் தொடங்கின. 'கரெக்ட் கிராஃப்ட்' நிறுவனத்தின் 'சூப்பர் ஏர் நாட்டிக்' அவற்றில் முன்னோடி. கயிற்றை உயரத்தில் கட்ட ஒரு கோபுரம், தரைக்கு அடியில் நிரந்தரத் தொட்டிகள், பொத்தானை அழுத்தினால் நிரம்பும் பம்புகள் எல்லாம் பிறகு வழக்கமாயின. ஆனால் அத்தகைய படகின் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. பழைய ஸ்கீ படகை வைத்திருப்பவருக்கு இன்றும் பைதான் கைகொடுக்கிறது.

பாக் நீரிணையில் பழைய பாடம்

நகர்த்தக்கூடிய பாரம் என்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. பாக் நீரிணைப் பகுதியில் பாய்மரப் படகு ஓட்டியவர்கள், காற்று அடிக்கும் பக்கம் நீண்ட பலகை ஒன்றை நீட்டி அதன்மேல் ஆட்கள் ஏறி நிற்கும் உத்தியைக் கையாண்டார்கள். காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும். ஆளின் எடை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். காற்று தணிந்தால் ஆள் உள்ளே வந்துவிடுவார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய படகுகளை ஆராய்ந்திருக்கிறார். இலங்கையில் பக்கமிதவை கட்டிய ஓருவப் படகுகளில் இதே வேலையை மிதவையைத் தாங்கும் கழிகள்மேல் ஏறி நின்றவர்கள் செய்தார்கள். காற்றின் வலுவையே 'ஓராள் காற்று', 'ஈராள் காற்று' என்று ஆள் கணக்கில் சொல்லும் வழக்கமும் அங்கே இருந்தது.

அந்த மீனவர்கள் நன்கு அறிந்திருந்த ஒரு விஷயம், பாரம் படகில் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்பது. இன்னொன்று, தேவை முடிந்ததும் பாரம் நகர்ந்தாக வேண்டும். காற்று நின்ற பிறகும் பலகையிலேயே ஆள் நின்றால் படகு அந்தப் பக்கமே கவிழும். இந்த இரண்டு பாடங்களையும் வேக்போர்டுக்காரர்கள் தண்ணீர்ப் பைகளோடு மறுபடி கற்க வேண்டியிருந்தது.

எங்கே வைப்பது?

புதிதாக எடை ஏற்றுபவர் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றையும் பின்னால் அடுக்குவது. பின்பக்கம் கனத்தால் அலை உயரும் என்பது உண்மை. ஆனால் அது செங்குத்தாக, நுனியில் நுரைத்து உடைகிற அலையாக இருக்கும். வீரரை மேலே தூக்கிவிடும், வெகுதூரம் கொண்டுசெல்லாது. படகின் முகமும் ஆகாயத்தைப் பார்த்தபடி எழும்பி நிற்பதால் ஓட்டுபவருக்கு எதிரில் வருவது தெரியாது. அணியம் எனப்படும் முன்பகுதியிலும் ஓரளவு எடை வைத்தால் சரிவு நீளும், அலை கட்டியாகும். பாதிக்குச் சற்று மேல் பின்னாலும் மீதி முன்னாலுமாகத் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான் அனுபவசாலிகளின் முறை.

அடுத்தது இடமும் வலமும். ஒரு பக்கம் எடை கூடினால் ஒரு அலை தெளிவாகவும் மற்றது நுரைத்துக் கலைந்தும் வரும். ஓட்டுநரின் எடை ஒரு பக்கம், சுழலும் புரொப்பெல்லரின் முறுக்கு விசை இன்னொரு பக்கம் என்று படகு ஏற்கெனவே சற்றுச் சாய்ந்துதான் ஓடும். அதை ஈடுகட்டப் பையில் 20, 30 லிட்டர் கூட்டிக் குறைப்பார்கள். ஏறுகிற ஒவ்வொரு பயணியும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கனமான ஒரு நண்பர் இருக்கை மாறி உட்கார்ந்தாலே அலை கெட்டுவிடும்.

பெங்களூரின் உயரம் இதில் இன்னொரு கணக்கைச் சேர்க்கிறது. 920 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். சென்னைக் கடலோரத்தில் சுறுசுறுப்பாக எழும்பும் படகு, அதே எடையுடன் பெங்களூர்ப் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் திணறும். அதோடு, நன்னீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. 1,800 கிலோ எடையுள்ள படகு ஏரியில் மிதக்கக் கடலைவிட சுமார் 45 லிட்டர் நீரை அதிகமாக விலக்க வேண்டும். எடை ஏற்றுபவர்கள் அதற்கேற்பச் சரிவு குறைந்த இதழ்கள் கொண்ட புரொப்பெல்லரை மாற்றிக்கொள்வது இதனால்தான். கடலோரத்துக்காரர் சொன்ன அளவை மேட்டு நிலத்தில் அப்படியே பின்பற்ற முடியாது.

நீர் உள்ளே வரும் நேரம்

ஆபத்து பெரும்பாலும் வேகத்தில் வருவதில்லை, நிற்கும்போது வருகிறது. வீரர் விழுந்துவிட்டால் படகு வேகம் குறைத்துத் திரும்பி வரும். அந்த நேரத்தில் அது எழுப்பிய அலையே எதிரில் வரும். முன்பக்கம் திறந்த, எடையால் தாழ்ந்த படகு அந்த அலைக்குள் மூக்கை நுழைத்தால் ஒரே வீச்சில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீர் உள்ளே ஏறிவிடும். அந்த நீர் முன்னால் ஓடி மூக்கை மேலும் தாழ்த்தும். அடுத்த அலைக்கு அது போதும்.

இங்கேதான் ஈயத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. மூழ்கிய படகில் இருக்கும் தண்ணீர்ப் பைக்கு எடை இல்லை. சுற்றியுள்ள நீரும் அதுவும் ஒன்றே. ஈயமும் மணலும் அப்படியல்ல, மூழ்கிய பிறகும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சிறு படகுகளில் மிதப்புக்காக அடைத்துவைக்கும் நுரைப்பொருள் படகையும் இன்ஜினையும் கணக்கில் கொண்டு வைக்கப்படுவது. உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு ஏற்றிய ஈயத்தை அது தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆனால் தண்ணீர்ப் பையும் பாதி நிரம்பியிருந்தால் எதிரியாகிவிடும். படகு சாய்ந்த பக்கமே உள்ளே இருக்கும் நீரும் ஓடும், சாய்வு கூடும். முழுக்க நிரம்பிக் காற்று வெளியேற்றப்பட்ட பையில் நீர் அசைய இடம் இல்லை.

நகரும் எடை என்ன செய்யும் என்பதைத் தென்னிந்தியா விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தபோது படகு சாய்ந்தது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு அளவுக்கு மீறிய கூட்டத்துடன் கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். இவை அலைக்காகப் பாரம் ஏற்றிய படகுகள் அல்ல. ஆனால் நீருக்கு அந்த வேறுபாடு தெரியாது. கட்டியவர் கணக்கிட்ட எடையும் உயரமும் ஒன்று, ஓட்டியவர் ஏற்றியது வேறொன்று என்றால் முடிவு ஒன்றுதான். உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் படகுகளுக்கான 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்தது. ஆனால் ஒரு பையில் எத்தனை லிட்டர் நிரப்புகிறார்கள் என்பதை எந்த அதிகாரியும் துறையில் நின்று அளந்துகொண்டிருக்க முடியாது. அந்தப் பொறுப்பு ஓட்டுபவருடையது.

பாரம் ஏற்றும் முன்

* படகில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையைப் பாருங்கள். அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. 340 கிலோ பை என்பது ஏறத்தாழ ஐந்து பேர். பை ஏறினால் ஐந்து பேர் இறங்க வேண்டும்.

* பைகளைத் தரைமட்டத்தில் வையுங்கள், இருக்கையின் மேல் அல்ல. உயரத்தில் உள்ள எடை படகை எளிதில் கவிழ்க்கும். நகராதபடி வாரால் கட்டுங்கள்.

* பையை முழுக்க நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். பாதி எடை போதும் என்றால் சிறிய பையை வாங்குங்கள்.

* முன்பகுதியில் எடை வைத்திருக்கும்போது திடீரென்று வேகத்தைக் குறைக்காதீர்கள். சொந்த அலையை நேருக்கு நேர் சந்திக்காதீர்கள்.

* உள்ளே தேங்கும் நீரை வெளியேற்றும் பம்பு வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். பையை நிரப்பும் பம்பு வேறு, இது வேறு.

* இன்ஜின் ஓடும்போது படகின் பின்விளிம்பில் யாரும் உட்காரவோ தொங்கவோ கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ஆளை மயக்கி நீரில் தள்ளிவிடும்.

* டிரெய்லரில் ஏற்றும் முன் கடைசி லிட்டர் வரை கொட்டிவிடுங்கள். டிரெய்லரின் அச்சு காலிப் படகுக்குக் கணக்கிடப்பட்டது.

கரைக்கு யார் பதில் சொல்வது?

வீரர் தாண்டிய பிறகு அலை காணாமல் போய்விடுவதில்லை. அது கரையைத் தேடிப் போகிறது. 1922இல் நீர்ச்சறுக்கு பிறந்த அதே மின்னசோட்டாவில், அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வுக்கூடம் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேக்சர்ஃப் படகுகளை, அதாவது கயிற்றை விட்டுவிட்டு அலையிலேயே சறுக்குவதற்காக வேக்போர்டு படகைவிடவும் அதிகப் பாரம் ஏற்றி மெதுவாக ஓட்டப்படும் படகுகளை, சாதாரணப் படகுகளோடு ஒப்பிட்டது அது. சாதாரணப் படகின் அலை 200 அடி தூரத்தில் அடையும் தணிவை எட்ட, வேக்சர்ஃப் படகின் அலைக்கு 500 அடிக்கு மேல் தேவைப்பட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024 ஏப்ரலிலிருந்து இவ்வகை விளையாட்டுக்கு ஒரு விதி போட்டிருக்கிறது: கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடி ஆழத்துக்குக் குறையாமல், தொடர்ச்சியாக 50 ஏக்கர் நீர்ப்பரப்பு இருந்தால்தான் அனுமதி.

இந்த அளவுகோலை அல்சூருக்கு வைத்துப் பார்த்தால் விடை உடனே தெரிந்துவிடும். அந்த ஏரியின் பரப்பு சுமார் 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கர். அது ஒழுங்கான சதுரம் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு பக்கம் 700 மீட்டர்தான். நான்கு புறமும் 150 மீட்டரை விட்டுவிட்டால் நடுவில் மிஞ்சுவது 400 மீட்டர் சதுரம்: 16 ஹெக்டேர், ஏறக்குறைய 40 ஏக்கர். உண்மையான ஏரியோ சதுரம் அல்ல, நடுவில் தீவுகள் வேறு இருக்கின்றன. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் படகு அந்த 400 மீட்டரை 40 நொடியில் கடந்துவிடும். 37 ஏக்கர் சாங்கி ஏரியில் இந்தக் கணக்கைத் தொடங்கக்கூட இடம் இல்லை.

ஆழத்திலும் சிக்கல் இருக்கிறது. பாரம் ஏற்றிய படகு முகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அதன் புரொப்பெல்லர் தள்ளும் நீர் கீழ்நோக்கிப் பாய்கிறது. ஆழம் குறைந்த ஏரியில் அது அடியில் படிந்த சேற்றைக் கிளப்பிவிடும். நகரத்துக் கழிவுநீர் பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த பாஸ்பரஸ் அந்தச் சேற்றில் உறங்குகிறது. அது மேலே வந்தால் பாசிக்கு விருந்து. பாசி மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைப் பார்த்த நகரம் இது. அது படகால் நேர்ந்தது அல்ல. ஆனால் அப்படிப்பட்ட நீரைக் கலக்கிவிடுவதில் உள்ள ஆபத்தை அது காட்டிவிட்டது.

பையில் ஒட்டிய உயிர்

பாரமாக ஏற்றுகிற நீர் வெறும் எடை அல்ல, அதில் உயிரும் இருக்கிறது. ஓர் ஏரியில் நிரப்பிய நீரின் மிச்சத்தை இன்னோர் ஏரியில் கொட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் பாசி விதைகளும் ஊர் மாறிவிடும். வட அமெரிக்க ஏரிகளில் வரிக்குதிரைச் சிப்பி பரவியதைக் கண்டு வெர்மான்ட் இதற்கும் விதி செய்தது: அடிப்பாரத் தொட்டியுள்ள படகு ஒரு பருவத்தில் ஓர் ஏரியில் மட்டுமே இருக்க வேண்டும், வேறு ஏரிக்குப் போவதானால் முதலில் கிருமி நீக்கம் செய்தாக வேண்டும்.

இதன் பெரிய வடிவத்தைத் தமிழ்நாடு எண்ணூரில் காண்கிறது. மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று அழைக்கும் தென் அமெரிக்கச் சிப்பி கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிக்கொண்டிருக்கிறது. பழவேற்காடு வரை அது பரவியிருக்கிறது. கப்பல்களின் அடிப்பார நீரில் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. கப்பல்கள் இப்படி நீரைக் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் உருவாகி 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்த விஷயத்தில் கழற்றி எடுக்கும் பை நிரந்தரத் தொட்டியைவிட ஒரு படி மேல். தொட்டியின் மூலையில் கொஞ்சம் நீர் எப்போதும் தங்கிவிடும். அதைத் துடைக்க வழியில்லை. பையை வெளியே எடுத்துக் கவிழ்த்து, கழுவி, வெயிலில் காயப்போடலாம். பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் இடையே படகைக் கொண்டுபோகிறவர் இந்த ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டாலே பாதிக் கவலை தீரும்.

அப்படியானால் பெங்களூர் இளைஞர்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாமா? வழி இருக்கிறது. ஜெர்மன் பொறியாளர் புரூனோ ரிக்ஸன் 1960களில் உருவாக்கிய முறையில் படகே தேவையில்லை. ஏரியைச் சுற்றித் தூண்கள் நட்டு, தலைக்கு மேல் ஓடும் கேபிள் மின்சார மோட்டாரால் வீரர்களை இழுத்துச் செல்கிறது. அலைக்குப் பதிலாக மிதக்கும் சரிவுப் பலகைகள். எண்ணெய் சிந்தாது, கரையை மோதும் அலை எழாது. சிறிய ஏரியே போதும். படகுதான் வேண்டும் என்பவர் அகலமும் ஆழமும் உள்ள, அனுமதி உள்ள நீர்ப்பரப்பைத் தேடிப் போக வேண்டும். படகு ஓட்டவும் ஆபத்தில் உயிர் காக்கவும் முறையாகக் கற்றுத்தரக் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது.

பையை நிரப்ப ஏழு நிமிடம் ஆகும் என்றால் காலி செய்யவும் ஏறக்குறைய அதே ஏழு நிமிடம்தான். வானம் கறுத்தாலோ, கூடுதலாக ஆட்கள் ஏறினாலோ, கரை நெருங்கினாலோ அந்த ஏழு நிமிடத்தைச் செலவழிக்க மனம் வருகிறவர்தான் பாரம் ஏற்றத் தகுதியுள்ளவர்.